இளஞ்சூடு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த ஜன்னலோர நாற்காலி வேண்டாம். அதற்கு ஒரு கால் குட்டை, எழுதும்போது கை ஆடும். இங்கே, எனக்கு எதிரே உட்காருங்கள். கேள்விகளோடு வந்திருக்கிறீர்கள் என்று முகத்திலேயே தெரிகிறது. கேள்வி கேட்டுப் பதில் வாங்கினால் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பிறகு அதை ஒட்டவைக்க நீங்கள்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். நான் கதையாகவே சொல்லிவிடுகிறேன். அக்கா தங்கை இருவரின் கதை. நடுவில் கொஞ்சம் புழுக்கள் வரும். பயப்பட வேண்டாம், நகக்கண்ணுக்குள் நூறு அடங்கும் அளவு சின்னவை. எதையும் மறைக்க மாட்டேன். மறைக்கும்படி எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். என்னை வளர்த்தது அக்காதான். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். சுவரெல்லாம் ஆவியில் வியர்த்துக் கிடக்கும். படுக்கை விரிப்புகள் மலை மாதிரி குவிந்திருக்கும். அக்கா ஒரு முனையைப் பிடிப்பாள், நான் மறுமுனையைப் பிடிப்பேன். உதறுவோம், இழுப்போம், ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலை சேர்ப்போம்.

"சுள்ளி, இழுத்துப் பிடிடி. நீ விரிப்பைப் பிடிச்சிருக்கியா, இல்ல விரிப்பு உன்னைப் பிடிச்சிருக்கா?" என்பாள். மற்ற பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். நான் அவ்வளவு ஒல்லி. சுள்ளி என்று என்னைக் கூப்பிட்டது உலகத்தில் அவள் ஒருத்திதான். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நான் டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டரம்மா.

நான் என்ன ஆராய்ச்சி செய்தேன் என்று உங்கள் தாளில் ஒரு வரி இருக்கும். அது புரிந்திருக்காது. அந்த விரிப்பை நினைத்துக்கொண்டால் புரியும். உடம்புக்குள் வேலை என்று எது நடந்தாலும் செய்வது புரதம். பிறக்கும்போது அது வெறும் நீளக் கயிறு. சரியாக மடிந்தால்தான் ஒரு வேலைக்கு ஆகும். மடிப்பு தப்பினால் பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும், கட்டி கட்டியாகச் சேரும். வெந்த முட்டையின் வெள்ளை திரும்பவும் நீராகாது அல்லவா, அது போல. தனியாக மடிய முடியாத புரதத்துக்கு மறுமுனையைப் பிடித்துக்கொடுக்க, செல்லுக்குள்ளேயே துணைப் புரதங்கள் இருக்கின்றன. வயது ஏற ஏறத் துணைக்கு ஆள் குறையும். கட்டிகள் மூளையில் சேர்ந்தால் முதலில் பெயர்கள் போகும், பிறகு முகங்கள் போகும்.

இதையெல்லாம் நான் சோதித்தது அந்தச் சின்னப் புழுக்களில்தான். ஒரு விடுமுறையின்போது, புழுத்தட்டுகள் வைத்திருந்த பெட்டியின் வெப்பக் கட்டுப்பாடு கெட்டுப்போனது. சிறிது நேரம்தான்; ஆனால் உள்ளே சூடு ஏறிவிட்டது. வேலைக்குத் திரும்பியவள் எல்லாத் தட்டுகளையும் குப்பையில் கொட்டப் போனேன். ஏனோ ஒரு அடுக்கை மட்டும் விட்டுவைத்தேன். அந்தப் புழுக்கள், சூடே படாமல் சொகுசாக இருந்தவற்றைக் காட்டிலும் அதிக நாள் வாழ்ந்தன. கிழப் பருவத்திலும் துறுதுறுவென்று நெளிந்தன. லேசான சூடு பட்டதும் செல்கள் பதறி, துணைப் புரதங்களை மடமடவென்று செய்து குவித்திருக்கின்றன. அந்தப் பதற்றம் போன பிறகும் துணை மிச்சம் இருந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அளவோடு இருந்தால் நஞ்சும் அமிர்தம் என்பதுதான் என் வாழ்நாள் உழைப்பு. ஆய்வுக்கூடத்தில் அதற்கு 'இளஞ்சூடு' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம்.

இனி அக்காவிடம் வருகிறேன்.

அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, அத்தான் போனார், ஒரே மகன் படித்து வேலைக்காக வெகுதூரம் போனான். பேர் எதற்கு, நாங்கள் அவனை வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஆறடி வளர்ந்து மீசை முளைத்த பிறகும் வாண்டுதான். நான் ஓய்வு பெற்றதும் அக்காவும் நானும் இந்த வீட்டுக்கு வந்தோம். நல்ல நாட்கள் அவை. இரண்டு கிழவிகள், ஒரு வானொலி, நாள் முழுக்க வாய்ச்சண்டை.

ஒருநாள் கொடியிலிருந்து எடுத்த விரிப்பை மடிக்க நான் என் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா அவள் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நடந்து போய் மூலையை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, புரட்டிப் பார்த்து, "இதை என்ன பண்ணணும்?" என்றாள். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் விரிப்பு மடித்த கை. அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு மருத்துவர் சொன்ன பிறகு தெரிந்தது.

பெயர்கள் போயின. பிறகு என் முகம் போயிற்று. என்னைக் கூலிக்கு வந்த தாதி என்று நினைத்தாள். மரியாதையாகத்தான் பேசுவாள். "நர்சம்மா, நல்லாத்தான் பாத்துக்கறீங்க. உங்களுக்குன்னு வீடு வாசல் ஒண்ணும் கிடையாதா? பாவம்." நான் இல்லை என்பேன். அவள் பரிவோடு என் கையைத் தட்டிக்கொடுப்பாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என்னைச் சுள்ளி என்று கூப்பிட உலகத்தில் ஆளில்லாமல் போன மாதங்கள் அவை. உயிரோடு இருக்கும்போதே நான் இல்லாமல் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் வாண்டுக்கு உண்மையாகவே ஒரு விபத்து நடந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, வண்டி சறுக்கிக் கை முறிந்தது. தொலைபேசியில் நான் பேசிக்கொண்டிருந்ததை அக்கா கேட்டாள். எழுந்து நின்றாள். "எந்த ஆஸ்பத்திரி? யாரு கூட இருக்கா? சுள்ளி, மரம் மாதிரி நிக்கற, என் கண்ணாடி எங்க, செருப்பு எங்க, கிளம்பு" என்றாள்.

சுள்ளி என்றாள்.

அன்று முழுவதும் அவள் அவளாக இருந்தாள். வாண்டுவிடம் பேசித் திட்டித் தீர்த்தாள். என் சமையலைக் குறை சொன்னாள். நான் சின்ன வயதில் சலவைக்கூடத்துக் கூடைக்குள் தூங்கிப்போனதையும், தெரியாமல் என் மேலேயே விரிப்புகளைக் கொட்டிவிட்டு ஊரெல்லாம் என்னைத் தேடியதையும் சொல்லிச் சிரித்தாள். மறுநாள் காலை, "நர்சம்மா, வெந்நீர் இருக்குமா?" என்றாள்.

நான் ஆராய்ச்சிக்காரி. கண் முன்னால் ஒன்று நடந்தால் அது திரும்ப நடக்கிறதா என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. உங்கள் தொழிலிலும் அப்படித்தானே.

முதலில் அதிர்ச்சியைச் சின்ன அளவில் கொடுத்துப் பார்த்தேன். வாண்டுக்குக் காய்ச்சல் என்றேன், "மாத்திரை போட்டானாமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். மறுபடி விபத்து என்றேன். கொஞ்சம் வந்தாள், முழுக்க வரவில்லை. அறுவைச் சிகிச்சை, பிழைப்பது கடினம் என்றேன். பாதி வழி வந்தாள். படிப்படியாகத்தான் ஏற்றினேன். எடுத்த எடுப்பில் நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிடவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாண்டு செத்துப்போய்விட்டான் என்று சொன்னபோதுதான் அவள் முழுதாக வந்தாள்.

அந்த முதல் சில நிமிடங்கள் கஷ்டம்தான். அதைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்கள் தொழிலில் நீங்கள் எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டி அந்தச் செய்தியைச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அது தணிந்த பிறகு என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, "சுள்ளி, இனிமே எனக்கு நீயும் உனக்கு நானும்தான்டி" என்பாள். தெளிவாகப் பேசுவாள். பழசெல்லாம் பேசுவாள். பொழுது சாயும்வரை எனக்கு என் அக்கா இருப்பாள். மறுநாள் செய்தி அவள் நினைவில் இருக்காது. இதைக் கவனியுங்கள்: அழுதது நினைவில் இல்லை என்றால் அழுததாகவே கணக்கில்லை அல்லவா? வடு இல்லாத ஊசி. வேறு எந்த மருந்துக்கும் அந்தக் குணம் கிடையாது.

ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் நடுவில் புழுக்களுக்கு ஓய்வு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் நன்றாக இடைவெளி விட்டேன். கட்டுப்பாடாகத்தான் இருந்தேன். என் பிறந்தநாளன்று மட்டும் ஒருமுறை கூடுதலாகக் கொடுத்தேன். பிறகு மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் வீடு மிகவும் வெறிச்சென்று இருந்தது, அப்போதும்.

வாண்டு அடிக்கடி கூப்பிடுவான். அவன் குரல் அக்கா காதில் விழுந்தால் காரியம் கெட்டுவிடும். ஆய்வுக்கூடத்தில் எந்தத் தட்டுக்கு என்ன செய்தோம் என்று, புழுக்களை எண்ணுகிறவருக்குச் சொல்ல மாட்டோம். சொன்னால் முடிவு கறைபடும். அந்தப் பழக்கத்தில், அவனிடம் தொலைபேசிச் சத்தம் அம்மாவைக் குழப்புகிறது, கொஞ்ச நாள் என்னிடமே பேசு என்றேன். நம்பினான். "உங்களுக்குத் தெரியாததா சித்தி" என்றான். நல்ல பிள்ளை. பாட்டுப் பாடி ஒலிப்பதிவு அனுப்பினான், அம்மா கேட்கட்டும் என்று. குரல் நன்றாகவே இருந்தது. நான் கேட்டேன்.

பகலில் ஒத்தாசைக்கு ஒரு அம்மா வந்துகொண்டிருந்தாள். வாய் ஓயாது, அக்காவை அவளால்தான் சிரிக்கவைக்க முடியும். அவள் ஒருநாள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. இந்த வீட்ல ஏதோ இருக்கு. உங்க அக்கா வானொலியைக் குறைக்கச் சொல்றாங்க. மெதுவா நட, மெதுவா பேசுங்கறாங்க. ஏம்மான்னா, 'யாரோ செத்த வீடு மாதிரி இருக்கே, யாரு செத்தது?'ங்கறாங்க. யாரும் சாகலம்மான்னா நம்ப மாட்டேங்கறாங்க. தினம் கேக்கறாங்க. எனக்குப் பேய்ன்னா பயம்தான். ஆனா பேயே இல்லாம ஒரு வீடு இப்படி இருந்தா, அது அதைவிடப் பயமா இருக்கும்மா."

வயதானவர்களின் பேச்சுக்குப் பொருள் தேடக்கூடாது என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

உண்மையில் என்னிடமும் அக்கா அதைக் கேட்பாள். நான் துணி மடிக்கும்போது பின்னால் வந்து நின்றுகொண்டு, "நர்சம்மா, யாரு செத்தது? சின்னப் பிள்ளையா?" என்பாள். அடுக்களையில், கூடத்தில், குளியலறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி அறை அறையாகப் போவாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். சாப்பாடு குறைந்தது. இடைப்பட்ட நாட்களிலும் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. வயதில் கண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்வது உண்டு. நான் சொட்டுமருந்து வாங்கி வந்து வேளை தவறாமல் விட்டேன். கவனிப்பில் நான் குறை வைத்ததில்லை.

செய்தி போய்விடுகிறது, துக்கம் போவதில்லை என்று உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அவர் இளைஞர், நன்றாகப் படித்தவர். இருக்கலாம். ஒவ்வொரு தடவையின் மிச்சமும் உள்ளே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு சேர்ந்திருக்கலாம். ஒட்டிக்கொள்வது பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் நானே சொல்லிவிடுகிறேன், அவருக்கு இது தெரியாது: முட்டையிடத் தொடங்கிய புழு, சூட்டுக்கு முன்போலப் பதில் சொல்லாது. இளம் புழுவுக்கு மருந்தாவது வயதான புழுவுக்கு வெறும் சூடுதான். இதை நானே சோதித்து, நானே எழுதி, நானே மேடையில் விளக்கியிருக்கிறேன். மறந்துவிடவில்லை. மனிதர்கள் புழுக்கள் அல்ல என்று வைத்துக்கொண்டேன். தேவைப்பட்ட இடத்தில் புழு என்றும், தேவைப்படாத இடத்தில் மனிதர் என்றும். ஆராய்ச்சியில் இதெல்லாம் சகஜம்.

கடைசி நாளுக்கு வருகிறேன். தண்ணீர் குடியுங்கள், கண்ணு, முகம் வெளுத்திருக்கிறது.

அன்று மதியம் செய்தியைச் சொல்லியிருந்தேன். முதல் கஷ்டம் அடங்கிவிட்டது. அக்கா முகம் கழுவி, தலை வாரி, என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். வாண்டு முதன்முதலாக நடந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சலவைக்கூடத்து ஈரத் தரையில் வழுக்கி உட்கார்ந்து, தரையைத் திட்டினானாம். எனக்கு நிம்மதியான பொழுது அது. அழைப்பு மணி அடித்தது. நான் எழுவதற்குள் அவளே போய்த் திறந்தாள்.

வாசலில் வாண்டு நின்றான். சொல்லாமல் வந்திருந்தான், ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று. தோளில் பை, முகமெல்லாம் பல்.

அக்கா கத்தவில்லை. கதவைப் பிடித்த கையை எடுக்காமல் அவனைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். "வந்துட்டியா" என்றாள்.

"என்னம்மா, வரவேற்பு இவ்வளவுதானா? மாலை மரியாதை ஒண்ணும் கிடையாதா?" என்று சிரித்தான் அவன்.

"இங்கல்லாம் வரக்கூடாது கண்ணு. உனக்கு நேரமாகும். போயிடு."

"எங்க போறது?"

"சாகும்போது வலிச்சுதா, ராஜா?" என்று கேட்டாள்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. தலையைத் தூக்கி அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். "சித்தி? அம்மா என்ன சொல்றாங்க?"

அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நான் சைகை காட்டினேன். அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். விரல் பட்டது. அந்த விரல் சூடாக இருந்தது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். கையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள், தாழ் போட்டாள், கதவில் முதுகைச் சாய்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது. "போயிடுப்பா. அம்மாவுக்கு உன் மேல கோவம் ஒண்ணும் இல்ல. சுத்திக்கிட்டுத் திரியாத. போய் நிம்மதியா இரு" என்று கதவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வெளியே, "அம்மா, நான்தாம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்று அழுதான்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பற்றிக்கொண்டாள். வாழ்நாளில் அவ்வளவு இறுக்கமாக யாரும் என் கையைப் பற்றியதில்லை. "சுள்ளி, நீ மட்டும் என்னை விட்டுப் போயிடாதடி. சுள்ளி. சுள்ளி" என்றாள்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆமாம், நேரம் இருந்தது. 'அக்கா, அவன் சாகவில்லை, நான் சொன்னது பொய்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் அப்போது தெளிவாக இருந்தாள், கேட்டிருப்பாள், புரிந்துகொண்டிருப்பாள். தாழை நீக்கியிருப்பாள். பிறகு என் கையை விட்டிருப்பாள்.

நான் சொல்லவில்லை. "இருக்கேன் அக்கா" என்றேன். கதவு தட்டுகிற சத்தம் நிற்கும் முன்பே அவள் கை தளர்ந்தது. அதிர்ச்சியில் இதயத் தசை உப்பிப்போய் நின்றுவிடுவது உண்டு. உங்கள் மருத்துவர் அதற்கும் பெயர் எழுதியிருப்பார். நான் கையை விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் தாழைத் திறந்தேன்.

கதவு மெல்லியது. உள்ளே பேசியது அவனுக்குக் கேட்டிருக்கிறது. அவன் செத்துப்போனதாக நான் அவ்வப்போது சொல்லிவந்ததையும் அவனிடம் மறைக்கவில்லை. என்னை அடிக்கவில்லை, கத்தவில்லை. அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நிமிராமலே, "எத்தனை தடவை சித்தி?" என்று ஒன்றுதான் கேட்டான். எண்ணவில்லை என்றேன். வாழ்க்கையில் எண்ணாமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான். அது ஆராய்ச்சியே இல்லை என்று அந்த நிமிடம் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அதன் பிறகு அவன் என்னைச் சித்தி என்று கூப்பிடவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஒரு சூடு தணியும் முன் இன்னொரு சூடு என்றால் எந்தச் செல்தான் தாங்கும்? என் அளவு சரிதான், இடைவெளியில்தான் பிழை. வீட்டில் இப்போது யாரும் இல்லை. இருந்தும் துணி மடிக்கும்போது முதுகுக்குப் பின்னால், "யாரு செத்தது?" என்று கேட்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறது. சுள்ளி என்று கூப்பிட்டால் திரும்புவேன்.

அவ்வளவுதான் கதை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். பொறுமையாகக் கேட்டீர்கள்; உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வளரட்டும். வீட்டுப் பெரியவர்கள் பேர் மறக்காமல், முகம் மறக்காமல் நீண்ட காலம் இருக்கட்டும். உங்களைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவராவது கடைசிவரை இருக்கட்டும். அப்படி யாருக்காவது நினைவு தப்பத் தொடங்கினால், கூச்சப்படாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், கண்ணுகளா. என்னை எங்கே வைத்திருந்தாலும் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிறேன். இப்போது எனக்கு அளவும் தெரியும், இடைவெளியும் தெரியும்.